சந்தைத் தெரு நூலகத்தை ஏரிக்கரைக்கு மாற்றுவது சரியா?

வேப்பமரத்தடி | சனி, இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் சென்னைக்குத் தெற்கே, செங்கல்பட்டு மாவட்டத்துப் புறநகர். ஊர்ப் பெயரை வேண்டுமென்றேதான் போடவில்லை. போட்டால் அங்கே வேலை பார்க்கும் நூலகருக்குத் தேவையில்லாத தொல்லை வரும். இங்கே நாலைந்து பேருக்கு எந்த ஊர் என்று தெரியும். அவர்களும் பெயர் சொல்லாமல் பேசினால் நல்லது.

விஷயம் இதுதான். எங்கள் கிளை நூலகம் சந்தைத் தெருவில் ஒரு பழைய ஓட்டு வீட்டில் வாடகைக்கு இயங்குகிறது. அதை பைபாஸ் தாண்டி, ஏரிக்கரைப் பக்கம் கட்டப்போகும் கட்டடத்துக்கு மாற்றலாம் என்று போன வாரம் வார்டு கூட்டத்தில் பேச்சு வந்தது. 20 சென்ட் நிலம், மாடியோடு கட்டடம், வண்டி நிறுத்த இடம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ரயில் நிலையத்திலிருந்து இரண்டரைக் கிலோமீட்டர். மாலை 6 மணிக்கு மேல் பஸ் இல்லை. ஷேர் ஆட்டோவும் பைபாஸ் முக்கோடு திரும்பிவிடும்.

இப்போதைய நூலகத்தைக் காலை 8 மணிக்கு வந்து பார்க்க வேண்டும். கதவு திறப்பதற்கு முன்பே திண்ணையில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே போனதும் நாளிதழை யாரும் முழுசாக எடுத்துக்கொள்வதில்லை. தாள் தாளாகப் பிரிந்துவிடும். நடுப்பக்கம் ஒருவரிடம், விளையாட்டு ஒருவரிடம், வரி விளம்பரம் வேலை தேடும் பையனிடம். படித்து முடித்தவர் தாளை மடிக்காமல் அப்படியே இடது பக்கம் தள்ளுவார். ஒரு சுற்று வந்து சேர ஒரு மணி நேரம் ஆகும். கடைசியில் வாட்ச்மேன் வேலை முடித்து வரும் ஒரு பெரியவர் எல்லாத் தாளையும் சேர்த்து, ஓரம் பார்த்து அடுக்கி, மேசை நடுவில் வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குத் தூங்கப் போவார். யாரும் அவரிடம் அந்த வேலையைச் சொல்லவில்லை.

நான் 1987-இல் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது உறுப்பினர் ஆனேன். ஏரிக்கரைக்குப் போனால் இந்த ஏழெட்டுப் பேரில் ஒருவராவது வருவாரா? எனக்கு நம்பிக்கை இல்லை. மாற்றக் கூடாது என்று மனு போடலாம் என்று நினைக்கிறேன். உங்கள் கருத்து வேண்டும்.

வார்டுவாசி | சனி, இரவு 9.48

அண்ணா, நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். உங்கள் மனசு புரிகிறது. ஆனால் அந்த வீட்டின் நிலைமையையும் சொல்ல வேண்டும் இல்லையா? மொத்தம் 11 நாற்காலி. மழை வந்தால் கவிதை நூல்கள் இருக்கிற அலமாரிக்கு மேலே ஒழுகும். மூன்று வருஷமாக ஒரு நீல தார்ப்பாய் அங்கேயே கிடக்கிறது. வீட்டுக்காரர் இடத்தைக் காலி செய்யச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். புதிதாக வந்த நூல்களை அடுக்க இடம் இல்லாமல் கட்டுக் கட்டாகப் பரண்மேல் வைத்திருக்கிறார்கள். கட்டுப் பிரிக்காத நூலை யார் படிப்பது?

சொந்தக் கட்டடம் கிடைப்பது லேசான காரியம் இல்லை. நாம் எதிர்த்து மனு கொடுத்தால், “ஊருக்கே வேண்டாமாம்” என்று வேறு ஊருக்குப் போய்விடும். அப்புறம் வீட்டுக்காரரும் பூட்டிவிட்டால் இரண்டும் இல்லாமல் நிற்போம்.

மாலைநேர அம்மா | சனி, இரவு 10.05

எனக்கு இரண்டு பிள்ளைகள், மூன்றாவது, ஆறாவது. பள்ளிக்கூடத்திலிருந்து நூலகம் நடக்கிற தூரம். நான் வேலை முடிந்து ரயில் பிடித்து வர மாலை 6.20 ஆகும். அதுவரை இருவரும் நூலகத்தில்தான் இருப்பார்கள். நூலகர் அம்மா அவர்களுக்குப் பாடம் எடுப்பதில்லை, காவல் காப்பதும் அவர் வேலை இல்லை. ஆனாலும் சின்னவள் தண்ணீர் குடிக்கப் போனால்கூட அவர் கண் அந்தப் பக்கம் இருக்கும்.

பெரியவன் முதலில் படக்கதை மட்டும்தான் எடுத்தான். ஒரு நாள் பாம்புகளைப் பற்றிய ஒரு நூலை எடுத்து வந்தான். வீட்டுக்குப் பின்னால் சாரைப்பாம்பு வந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் கம்போடு ஓடி வந்தார். இவன் குறுக்கே நின்று, “மாமா, இது சாரை, விஷம் இல்லை, எலியைத்தான் பிடிக்கும்” என்றான். பாம்பு தப்பித்தது.

ஏரிக்கரைக்கு மாறினால் என் பிள்ளைகள் பைபாஸைக் கடக்க வேண்டும். அனுப்ப மாட்டேன்.

ரயில்பாஸ் | சனி, இரவு 10.31

குறுக்கே ஒரு கேள்வி, தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நாளிதழ், பாடநூல் எல்லாமே இப்போது செல்போனில் வருகிறது. பாடநூல் பிடிஎஃப்களை அரசே இலவசமாகத் தருகிறது. இந்த நிலைமையில் நூலகக் கட்டடத்துக்காக இவ்வளவு கவலைப்பட வேண்டுமா? உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

தேர்வுப்பறவை | சனி, இரவு 11.15

ரயில்பாஸ் அண்ணா, நான் சொல்கிறேன். குரூப் 4 இரண்டு முறை எழுதி, இப்போது குரூப் 2-க்குப் படிக்கிறேன். எங்கள் வீடு ஒரு அறை, ஒரு சமையலறை. அப்பா இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குவார். தம்பிக்குத் தேர்வு. பாட்டிக்குக் காது கேட்காது, அதனால் டிவி சத்தம் எப்போதும் தெரு வரை கேட்கும். பிடிஎஃப் என் போனிலும் இருக்கிறது. அதை வைத்துப் படிக்க ஒரு மேசையும் சத்தமில்லாத நான்கு மணி நேரமும்தான் வீட்டில் கிடைக்காது. தனியார் படிப்பகத்தில் மாதக் கட்டணம் கேட்கிறார்கள். நூலகத்தில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டால் போதும்.

இன்னொன்று. நாங்கள் அங்கே ஒன்பது பேர் சேர்ந்து படிக்கிறோம். யாருக்காவது கணக்கில் சந்தேகம் என்றால் வெளியே திண்ணைக்குப் போய்ச் சொல்லித் தருவோம். போன முறை எங்களில் ஒரு அக்காவுக்கு வேலை கிடைத்தது. அவர் தன் குறிப்பேடுகள் ஆறையும் நூலகத்திலேயே வைத்துவிட்டுப் போனார். எல்லோரும் அதிலிருந்துதான் படிக்கிறோம்.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இப்போதைய கட்டடத்தில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. காலையிலிருந்து சரியாகத் தண்ணீர் குடிக்காமல்தான் உட்கார்ந்திருப்போம். அவசரம் என்றால் ரயில் நிலையத்துக்கு நடக்க வேண்டும், அதுவும் சில நாள் பூட்டியிருக்கும். அதனால் புதுக் கட்டடம் என்றதும் எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. அப்புறம் நேற்று மாலை 7.30-க்கு அந்த ஏரிக்கரைச் சாலையில் வண்டியில் போய்ப் பார்த்தேன். பைபாஸ் முக்கிலிருந்து உள்ளே ஒரு விளக்குகூட எரியவில்லை. நூலகம் இரவு 8 மணி வரை. 8 மணிக்கு நாங்கள் அந்தச் சாலையில் நடந்து வர முடியாது.

ரயில்பாஸ் | சனி, இரவு 11.22

புரிந்தது, தங்கச்சி. நான் அந்தப் பக்கம் யோசிக்கவே இல்லை. கேள்வியைத் திரும்பப் பெறுகிறேன்.

ஓய்வுபெற்ற நூலகர் | ஞாயிறு, காலை 6.50

இழையை முழுக்கப் படித்தேன். மூன்றாம் நிலை நூலகராகச் சேர்ந்து 31 வருஷம் கிளை நூலகங்களில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சில விவரங்கள் சொல்கிறேன்.

முதலில் பணம். உங்கள் சொத்துவரி ரசீதை எடுத்துப் பாருங்கள். அதில் நூலக வரி சேர்ந்திருக்கும். சொத்துவரியில் ஒரு ரூபாய்க்கு 10 காசு. உள்ளாட்சி அமைப்பு அதை வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் கொடுக்க வேண்டும். 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தபோதே இந்த வரி வந்துவிட்டது. சுதந்திர இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் வந்தது இங்கேதான் முதலில். சீர்காழிக்காரரான நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் பல வருஷம் விடாமல் கேட்டார்; அன்றைய கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் செட்டியார் நிறைவேற்றித் தந்தார். இன்று தமிழ்நாட்டில் ஏறக்குறைய 4,600 பொது நூலகங்கள் இருக்கின்றன என்றால் அதற்கு அடித்தளம் இந்த வரிதான். வசூலான வரி ஆணைக்குழுவுக்கு நேரத்துக்கு வராமல் நிலுவையில் நிற்பதும் பல இடங்களில் பழைய கதை. அதனால் நூலகத்துக்காகப் பேசப் போகிறவர்கள் உதவி கேட்கிற குரலில் பேச வேண்டாம். ரசீதை எடுத்துக்கொண்டு போங்கள்.

அடுத்தது, யாரிடம் பேசுவது. கிளை நூலகம் பொது நூலகத் துறைக்குக் கீழே வருகிறது. அது பள்ளிக் கல்வித் துறையைச் சேர்ந்தது. மாவட்ட நூலக அலுவலர்தான் நீங்கள் பார்க்க வேண்டியவர். செங்கல்பட்டு 2019-இல் தனி மாவட்டம் ஆகிவிட்டது. மனுவை எந்த அலுவலகத்துக்கு அனுப்புவது என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள். நகராட்சி, மாநகராட்சிகள் சமீபத்தில் கட்டித் திறக்கிற “நூலகம் மற்றும் அறிவுசார் மையம்” வேறு. அது நகராட்சி நிர்வாகத் துறையுடையது. உங்கள் ஏரிக்கரைக் கட்டடம் இந்த இரண்டில் எது என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அறிவுசார் மையம் என்றால், கிளை நூலகத்தை அங்கே இழுக்க வேண்டிய அவசியமே இல்லை. இரண்டும் இருக்கலாம்.

மூன்றாவது, இடம். ரங்கநாதன் 1931-இல் எழுதிய நூலகவியலின் ஐந்து விதிகளில் முதல் விதி “நூல்கள் பயன்பாட்டுக்கே”. அதை விளக்கும்போதே நூலகம் எங்கே இருக்க வேண்டும் என்ற கேள்வியைத்தான் எடுக்கிறார். வியாபாரம் நடக்க வேண்டும் என்று நினைக்கிற கடைக்காரர் எந்த இடத்தைத் தேடுவாரோ, அந்த இடத்தில்தான் நூலகமும் இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அமைதி வேண்டும் என்று ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைத்தால் அமைதி மட்டும்தான் இருக்கும். அதே 1931-இல்தான் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். 20 சென்ட் நிலத்துக்கு ஆசைப்படுகிறவர்கள் அந்த மாட்டு வண்டியை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு செய்தியும் சொல்லத் தோன்றுகிறது. ரங்கநாதன் லண்டனில் படித்தபோது அவருக்கு ஆசிரியராக இருந்தவர் பெர்விக் சேயர்ஸ். அவர் குரோய்டன் என்ற லண்டன் புறநகர் ஊரின் பொது நூலகத்துக்குத் தலைமை நூலகர். புறநகர் நூலகம் என்றால் ஏதோ இரண்டாம் தரம் என்று இங்கே ஒரு நினைப்பு இருக்கிறது. நம் ஊர் நூலக இயக்கத்துக்கே ஆசான் ஒரு புறநகர் நூலகர்தான்.

நான்காம் படி | ஞாயிறு, காலை 9.30

எல்லோரும் பழைய கட்டடத்தில் நூலகம் இருக்கட்டும் என்கிறீர்கள். நானும் இதே ஊர். வயது 34. சந்தைத் தெருவுக்கு அடுத்த தெருவில்தான் வீடு. இதுவரை ஒரு முறைகூட அந்த நூலகத்துக்குள் போனதில்லை.

வாசலில் நான்கு படி. நான் சக்கரநாற்காலியில் இருப்பவன். தம்பி உள்ளே போய், என் பெயரில் உள்ள அட்டையில் நூல் எடுத்து வருவான். எனக்கு வேண்டியதை எழுதித் தருவேன். அது இல்லை என்றால் அவனாக ஏதாவது எடுத்து வருவான். அலமாரி முன்னால் நின்று, ஒரு நூலைத் தேடப்போய்ப் பக்கத்தில் இருக்கிற இன்னொன்றை எடுக்கிற சுகம் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு அது தெரியாது. நூலக நண்பர்கள் திட்டத்தில் தன்னார்வலர்கள் வீட்டுக்கே நூல் கொண்டுவந்து தருவார்கள் என்றும் சொன்னார்கள். நல்ல திட்டம்தான், படுக்கையில் இருப்பவர்களுக்கு அவசியமானது. ஆனால் நான் வீட்டில் இருக்க விரும்பவில்லை. அந்த ஏழெட்டுப் பேரோடு உட்கார்ந்து தாளை இடது பக்கம் தள்ளத்தான் விரும்புகிறேன்.

ஏரிக்கரைக் கட்டடத்தில் சரிவுப்பாதை இருக்கும் என்று வரைபடத்தில் காட்டினார்கள். அதனால் நான் மாற்றத்துக்கு ஆதரவு. பெட்ரோல் ஸ்கூட்டரில் நான் எங்கும் போய்வருவேன்.

வேப்பமரத்தடி | ஞாயிறு, காலை 10.12

தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுச் சும்மா உட்கார முடியவில்லை. 30 வருஷத்துக்கு மேல் அந்தப் படிகளில் ஏறியிருக்கிறேன். எத்தனை படி என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

இப்போதே டேப் எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். ஒவ்வொரு படியும் 7 அங்குலம், மொத்தம் 28. சரிவுப்பாதைக்கு ஓர் அங்குல உயரத்துக்குப் பன்னிரண்டு அங்குல நீளம் என்பது விதி என்று என் மருமகன் சொன்னான், அவன் சிவில் படித்தவன். அப்படியென்றால் 28 அடி நீளம் வேண்டும். வாசலுக்கும் சாக்கடைக்கும் நடுவில் மூன்றடிகூட இல்லை. பக்கவாட்டில் அடுத்த வீட்டுச் சுவர். எப்படி மடக்கினாலும் வராது.

ஆகவே “அங்கேயே இருக்கட்டும்” என்று நான் தொடங்கியதை மாற்றிக்கொள்கிறேன். அந்த வீட்டில் நூலகம் இருக்கிறவரை உங்களுக்கு இடம் இல்லை. ஏரிக்கரைக்குப் போனால் அந்தப் பிள்ளைகளுக்கும் தேர்வுக்குப் படிக்கும் பெண்களுக்கும் இடம் இல்லை. இரண்டுக்கும் ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை. ஊருக்கு நடுவில் வேறு இடம் இருக்கிறதா என்று தேட வேண்டும். யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

செங்காங்வாசி | ஞாயிறு, மதியம் 12.40

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். பிறந்தது உங்கள் பக்கத்து ஊரில். இங்கே நான் இருக்கும் செங்காங்கும் ஒரு புறநகர்தான். எங்கள் பொது நூலகம் ரயில் நிலையத்தை ஒட்டிய வணிக வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. மீன், காய் வாங்க வருகிறவர்கள் அப்படியே உள்ளே போய் நூல் எடுத்துக்கொண்டு வருவார்கள். மின்தூக்கி இருப்பதால் தள்ளுவண்டியும் சக்கரநாற்காலியும் தடையில்லாமல் போகும். திருப்பித் தர எந்தக் கிளைக்கும் போகலாம். நடு இரவிலும் பெட்டியில் போட்டுவிடலாம். இதையெல்லாம் உடனே அங்கே செய்ய முடியும் என்று சொல்லவில்லை. பணக்கார நகரம் கூட நூலகத்தை ஜனம் போகிற வழியில்தான் வைக்கிறது, அதை மட்டும் மனுவில் எழுதலாம்.

ஒரு குறையும் உண்டு. இங்கே தமிழ் நூல்கள் எல்லாக் கிளைகளிலும் கிடைப்பதில்லை. சில கிளைகளைத் தேடிப் போக வேண்டும். அதற்காகவே ஒவ்வொரு முறை ஊருக்கு வரும்போதும் சந்தைத் தெரு நூலகத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் விமானம் ஏறுவேன்.

வார்டுவாசி | ஞாயிறு, பிற்பகல் 3.05

ஐயா சொன்னபடி இன்று விசாரித்தேன். ஏரிக்கரைக் கட்டடம் அறிவுசார் மையமாக வருவதற்குத்தான் திட்டம் போட்டிருக்கிறார்கள். கிளை நூலகத்தையும் அங்கேயே சேர்த்துவிட்டால் வாடகை மிச்சம் என்று யாரோ சொல்லி, அது பேச்சாகிவிட்டது. எழுத்தில் எந்த உத்தரவும் இன்னும் வரவில்லை. நான்தான் அவசரப்பட்டு, எதிர்த்தால் போய்விடும் என்று பயந்துவிட்டேன்.

அறிவுசார் மையத்தை நான் எதிர்க்கவில்லை, வரட்டும். ஆனால் இடத்தைப் பற்றி இன்னொரு கவலை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அந்தப் பக்கம் இடுப்பளவு தண்ணீர் நின்றது, நான் நேரில் பார்த்தவன்.

ஓய்வுபெற்ற நூலகர் | ஞாயிறு, மாலை 4.20

வெள்ளம் என்றதும் சொல்ல வேண்டியிருக்கிறது. 2015-இல் நான் வேலை பார்த்த நூலகத்தில் கீழ்த்தட்டு இரண்டும் மூழ்கின. தண்ணீர் வடிந்த பிறகு அலமாரியிலிருந்து நூலை உருவ முடியவில்லை. ஊறி உப்பி, ஒன்றோடொன்று இறுகி, தட்டையே வளைத்துவிட்டன. கடப்பாரை போட்டு நெம்பினோம். சாதாரணத் தாளில் அச்சானவற்றைப் பக்கம் பக்கமாகப் பிரித்து, மின்விசிறிக்குக் கீழே காய வைத்தோம், சிலது பிழைத்தது. வழவழப்பான தாளில் வந்த குழந்தைப் படநூல்கள் எல்லாம் செங்கல்லாகிவிட்டன. ஒரு பக்கத்தைக்கூடப் பிரிக்க முடியவில்லை. இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் தான் பாதி படித்திருந்த நூலைத் தேடி வந்தான். நான் அந்தக் கட்டியை எடுத்துக் காட்டினேன். அவன் அதை முகர்ந்து பார்த்துவிட்டு எதுவும் பேசாமல் போய்விட்டான்.

எங்கே கட்டினாலும், நூல் அடுக்கும் இடம் மாடியில் இருந்தால் மின்தூக்கி வேண்டும். கீழே இருந்தால் தரைமட்டத்தை உயர்த்த வேண்டும். உயர்த்தினால் சரிவுப்பாதையும் அதற்கேற்ப நீள வேண்டும். இந்த மூன்றையும் சேர்த்தே கேளுங்கள்.

ரயில்பாஸ் | ஞாயிறு, மாலை 6.45

நான் ஒரு இடம் சொல்லலாமா? காய்கறிச் சந்தைக்கு எதிரே பழைய பேரூராட்சி அலுவலகம் இருக்கிறதே. ஊர் மாநகராட்சியோடு சேர்ந்த பிறகு அங்கே இருந்தவர்கள் எல்லோரும் மண்டல அலுவலகத்துக்குப் போய்விட்டார்கள். தினமும் ஸ்டேஷனுக்கு அந்த வழியாகத்தான் நடக்கிறேன், பூட்டித்தான் கிடக்கிறது. முன்னால் இரண்டு வேப்பமரம், சுற்றுச்சுவர் இருக்கிறது. வாசலில் ஒரே ஒரு படிதான் பார்த்த ஞாபகம். ஸ்டேஷனிலிருந்து நான்கு நிமிஷம்.

மாலைநேர அம்மா | ஞாயிறு, மாலை 6.58

ஆமாம்! பிறப்புச் சான்றிதழ் வாங்க அங்கேதான் போனேன். பெரிய கூடம் ஒன்று உண்டு, பின்னால் கழிப்பறையும் இருந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து சாலையைக் கடக்காமலே வந்துவிடலாம்.

தேர்வுப்பறவை | ஞாயிறு, இரவு 7.30

எங்கள் ஒன்பது பேரும் கையெழுத்துப் போடத் தயார். ஐயா, மனுவை எப்படி எழுதுவது என்று சொல்லித் தருகிறீர்களா? நான் தட்டச்சு உயர்நிலை முடித்திருக்கிறேன், அடித்துத் தருகிறேன்.

ஓய்வுபெற்ற நூலகர் | ஞாயிறு, இரவு 8.40

சரி மகளே, எழுதிக்கொள். இரண்டு மனு வேண்டும். ஒன்று மாநகராட்சி ஆணையருக்கு: பூட்டிக் கிடக்கும் கட்டடத்தைக் கிளை நூலகத்துக்கு வாடகையில்லாமல் ஒதுக்கித் தரக் கேட்டு. இன்னொன்று மாவட்ட நூலக அலுவலருக்கு: ஒதுக்கித் தந்தால் நூலகத்தை அங்கே மாற்றிக்கொள்ளக் கேட்டு. ஒவ்வொன்றின் நகலையும் மற்றவருக்கு அனுப்ப வேண்டும். ஒருவரை மட்டும் கேட்டால், மற்றவர் சம்மதம் வரட்டும் என்று கோப்பு தூங்கும்.

மனு வாசகர் வட்டத்தின் பெயரில் போக வேண்டும். அந்த நூலகத்தில் வாசகர் வட்டம் இருக்கிறதா, கடைசியாக எப்போது கூடியது என்று கேளுங்கள். கூடி ரொம்ப நாள் ஆகியிருந்தால் முதலில் ஒரு கூட்டம் போட்டுத் தீர்மானம் எழுதுங்கள். வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு விடுமுறை, அன்று வைக்காதீர்கள். படிக்க வருகிறவர்கள் கண்ணெதிரே நடக்கட்டும்.

ஊரில் வசதியுள்ளவர்கள் 1,000 ரூபாய் கட்டிப் புரவலராகச் சேரலாம். சொத்துவரி ரசீது மட்டும் போதாது, புரவலர் பட்டியலும் மனுவோடு போகட்டும். எத்தனை பேர் இந்த நூலகத்தைத் தங்களுடையது என்று நினைக்கிறார்கள் என்று அதைப் பார்த்தால் தெரியும். தினசரி வருகைப் பதிவேட்டின் ஒரு மாதக் கணக்கையும் சேருங்கள், ஆண், பெண், பிள்ளைகள் என்று பிரித்து.

வேப்பமரத்தடி | திங்கள், இரவு 9.15

இன்று நூலகரைப் பார்த்துப் பேசினேன். வாசகர் வட்டம் ஏட்டில் இருக்கிறது, கூடி நாளாகிவிட்டது. வரும் ஞாயிறு காலை 10 மணிக்குக் கூட்டம். திண்ணையில்தான் வைக்கிறோம், நான்காம் படித் தம்பியும் கலந்துகொள்ள வேண்டும் என்பதற்காக உள்ளே வைக்கவில்லை. தெருவை ஒட்டி நாற்காலி போடத் தேநீர்க் கடைக்காரர் ஒத்துக்கொண்டார்.

தம்பி, பழைய அலுவலகத்தின் சாவி மண்டல அலுவலகக் காவலரிடம் இருக்கிறது. நாளை மறுநாள் திறந்து காட்டுவதாகச் சொன்னார். நீங்கள் வர முடியுமா? அளவெடுக்க நான் போவதைவிட நீங்கள் போவதுதான் சரி.

நான்காம் படி | புதன், மாலை 5.50

போய் வந்தேன். அண்ணாவும் தேர்வுக்குப் படிக்கும் தங்கச்சியும் கூட வந்தார்கள். விவரம் எழுதுகிறேன், மனுவோடு இணைத்துக்கொள்ளுங்கள்.

வாசல் படி ஒன்றுதான், 6 அங்குலம். ஆறடிச் சரிவுப்பாதை போதும். முன்னால் முப்பதடிக்கு மேல் இடம் கிடக்கிறது. இன்றைக்குப் பலகை ஒன்றைச் சாய்த்துப் போட்டார்கள், யாரும் தூக்காமலே உள்ளே போனேன். வாசல் கதவு அகலம் 3 அடி 8 அங்குலம். கூடம் 40-க்கு 22 அடி. தரை சிமெண்ட், ஒரு இடத்தில் மட்டும் வெடிப்பு. ஜன்னல் ஒன்பது, எல்லாம் திறக்கின்றன. தெற்குப் பக்கச் சுவரில் ஒரு ஆள் உயரத்துக்கு மரத்தட்டுகள் ஏற்கெனவே இருக்கின்றன. பழைய கோப்புகள் வைத்திருந்தார்களாம். கீழிருந்து நாலாவது தட்டு வரை எனக்குக் கை எட்டுகிறது. அந்தத் தட்டில் வரிப் பதிவேடு ஒன்று தூசியோடு கிடந்தது. எடுத்துப் பிரித்தேன், 1994-ஆம் வருஷத்தது. எங்கள் தாத்தா பெயர் இருந்தது, வீட்டு எண்ணோடு. அவர் பெயருக்கு நேரே நூலக வரி என்று தனிக் கட்டம், அதில் சிவப்பு மையில் கட்டிய தொகை.

கூரை ஒழுகலை மழை நாளில்தான் பார்க்க முடியும். வடகிழக்கு மூலையில் பாசிக் கறை இருக்கிறது, அங்கே அலமாரி வைக்க வேண்டாம். வெள்ளம் 2015-இல் இந்தத் தெருவுக்கு வரவில்லை என்று எதிர்க் கடைக்காரர் சொன்னார், இருந்தாலும் கீழ்த்தட்டைக் காலியாக விடுவது நல்லது.

பின்னால் கழிப்பறை இரண்டு. தண்ணீர்க் குழாய் வேலை செய்யவில்லை, தொட்டி இருக்கிறது. கதவு அகலம் 2 அடி 1 அங்குலம்தான்; என் நாற்காலி 2 அடி 2 அங்குலம். ஒன்றின் கதவை மட்டும் இடித்து மூன்றடியாக்கிவிட்டால் போதும், மற்றது பெண்களுக்கு அப்படியே இருக்கட்டும். இதை மனுவில் நாலாவது கோரிக்கையாகச் சேர்த்துவிடுங்கள், தங்கச்சி.